வலது கையில் ஒரு சிவப்புப் பட்டை

நோயாளிகளைக் காப்பாற்ற டாக்டர்கள் மட்டும் போதாது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கோ ஒரு நாள் தோன்றிவிட்டது. உடனே மூன்றாவது மாடியில் ஒரு பக்கத்தைத் தடுத்து, கண்ணாடிக் கதவு போட்டு, ‘நோயாளர் பாதுகாப்புப் பிரிவு’ என்று பலகை மாட்டினார்கள். பிரிவு வந்துவிட்டால் அதற்கு ஓர் அலுவலர் வேண்டும். அலுவலர் வந்துவிட்டால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது, அவருக்கு ஒரு திட்டம் வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் சிவப்புப் பட்டைத் திட்டம்.

திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் இருக்கும் நெறிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுத்துவிட்டால், அந்தப் பக்கத்துக் கையில் ஊறும் நீர் வடிந்து போக வழி குறைந்துவிடும். அதனால் அந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று துணியைச் சுற்றி இறுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இதையெல்லாம் ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருக்காமல், ‘இந்தக் கையைத் தொடாதீர்’ என்று அச்சடித்த சிவப்புப் பட்டை ஒன்றை மணிக்கட்டில் கட்டிவிடுவது. நல்ல யோசனை. நல்ல யோசனை ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து வெளியே வரும்போது எந்தக் கோலத்தில் வருகிறது என்பதைத்தான் மாஸ்டர் பார்த்தாள்.

மாஸ்டர் என்றதும் மீசையைத் தேட வேண்டாம். தையல் கடையில் துணி வெட்டுகிறவர் மாஸ்டர். அவள் இருபத்தாறு வருஷமாக வெட்டுகிறாள், ஆகவே அவளும் மாஸ்டர். கடை முதலாளி முதல் பொத்தானுக்குக் காஜா போடும் பெண் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் இடதுகைக்காரி. இடதுகைக்காரர்களுக்கென்றே வார்த்த கனத்த கத்தரி ஒன்று வைத்திருந்தாள். சாக்பீஸ் கோடு போடாமலே மூன்று சட்டைக்கான துணியை மடித்துப் போட்டு ஒரே ஓட்டத்தில் வெட்டுவாள். வலது கை அவளுக்குக் கதவு திறக்கவும் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளவும்தான் பயன்பட்டது.

கட்டி வந்ததும் இடது மார்பில். அக்குளில் பதினேழு நெறிகளை எடுத்தார்கள்.

“கத்தரி பிடிக்கலாமா சார்?” என்பதுதான் ஆபரேஷனுக்கு முன்பு அவள் சர்ஜனிடம் கேட்ட ஒரே கேள்வி. பிழைப்பேனா என்று கேட்கவில்லை. கூட வந்திருந்த நாத்தனாருக்கு அதில் வருத்தம்.

“அந்தக் கையைப் பத்திரமா பாத்துக்கிட்டா மூணு மாசத்துல பிடிக்கலாம்” என்றார் சர்ஜன். “ஊசி, பிரஷர் பாக்குறது எதுவும் அந்தக் கையில வேண்டாம். யாரு கேட்டாலும் குடுக்காதீங்க.”

முதலாளியும் பார்க்க வந்து, “உன் மேஜைய யாருக்கும் குடுக்கல மாஸ்டர். மூணு மாசம்தானே” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று மாதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மயக்க மருந்துக்கே கண்ணை மூடினாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில், தட்டில் சிவப்புப் பட்டைகளோடு ஒரு பெண் வந்தாள். பட்டை கட்டுவது மட்டும்தான் அவளுடைய வேலை.

“அம்மா, வலது கைய நீட்டுங்க.”

“எனக்கு இடது பக்கம்மா ஆபரேஷன்.”

“தெரியும்மா. பட்டை வலது கையிலதான்.” அவள் தட்டுக்கு அடியிலிருந்து சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினாள். திட்டத்தின் தொடக்க விழாவில் இயக்குநர் முதல் நோயாளிக்குப் பட்டை கட்டும் புகைப்படம். கீழே, ‘பட்டை கட்டும் முறை: படத்தில் உள்ளபடி.’ படத்தில் இருந்தது வலது கை.

“அந்தம்மாவுக்கு வலது பக்கம் ஆபரேஷன் ஆயிருக்கும்ல?”

“ஆயிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. படத்துல வலது கை.”

பட்டை ஏறிவிட்டது. பிளாஸ்டிக் பூட்டு ‘டக்’கென்று விழுந்தது. இழுத்தால் வராது, அறுத்தால்தான் வரும்.

பத்து நிமிஷத்தில் வார்டு நர்ஸ் பிரஷர் பார்க்க வந்தாள். பட்டையைப் பார்த்தாள், வலது கையை மரியாதையோடு போர்வைக்குள் எடுத்து வைத்தாள், இடது கையை நீட்டச் சொன்னாள்.

“சிஸ்டர், இந்தப் பக்கம்தான் நெறி எடுத்திருக்காங்க. கட்டு இருக்கு பாருங்க. குழாய் தொங்குது பாருங்க.”

நர்ஸ் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இடது அக்குளிலிருந்து குழாய் வழியாக நீர் வடிந்து பாட்டிலில் சேர்ந்துகொண்டிருந்ததை அவளே காலையில் அளந்து எழுதியிருந்தாள். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

“எனக்கும் தெரியுதும்மா. ஆனா பட்டை போட்ட கைய தொட்டா எனக்கு மெமோ வரும். பட்டை போடாத கைய தொட்டா ஒண்ணும் வராது.”

“எனக்கு வருமே.”

“மெல்லமா அமுக்குறேம்மா.”

மெல்லத்தான் அமுக்கினாள். வலித்தது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை பல்லைக் கடித்தாள்.

நாத்தனார் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் தன் சத்தத்தை ஏற்றி ஏற்றி, குரல் அவளுக்கு ஊர் கேட்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அண்ணன் போய் நான்கு வருஷமாகியும் அண்ணியை விட்டுப் பிரியாமல் ஒரே வீட்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்த அன்றே அண்ணியின் வலது கையைப் பிடித்து வைத்துக்கொண்டு கத்தரியால் பட்டையை அறுத்துக் குப்பையில் போட்டாள்.

“போச்சு சனியன். இனிமே எவ வந்து கேக்குறான்னு பாப்போம்.”

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனார்கள். நுழைவாயிலில் பட்டையில் இருக்கும் கோடுகளைக் கருவியில் காட்டினால்தான் கதவு திறக்கும், தேதி கிடைக்கும், மருந்துச் சீட்டு அச்சாகும். அது யாருக்குத் தெரியும்? பட்டை இல்லாத கையைப் பார்த்ததும் கவுன்ட்டரில் இருந்தவர் இன்னொரு பட்டையை எடுத்து வலது கையில் கட்டினார். கூடவே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இன்னொரு முறை அறுத்தால் திட்டத்திலிருந்து நீக்கம், அடுத்து வரவேண்டிய மருந்து ஏற்றும் தேதிகள் ரத்து. நாத்தனாருக்கு வாயடைத்துப் போனது அவள் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

அடுத்து உடற்பயிற்சி அறை. ஆபரேஷன் ஆன கை விறைத்துப் போகாமல் இருக்க, சுவரில் விரல்களை வைத்துச் சிறிது சிறிதாக மேலே ஏற்ற வேண்டும். பயிற்சியாளர் பட்டையைக் கருவியில் காட்டினார். கணினி ‘வலது’ என்றது. அவர் வலது கையைச் சுவரில் வைத்தார்.

“இது நல்லா இருக்குற கை சார்.”

“அப்படி ஒரு நம்பிக்கை வேணும்மா” என்று பயிற்சியாளர் பாராட்டினார். “இந்த மனசு இருந்தா பாதி நோய் போயிடும்.”

வலது கை முதல் நாளே உச்சிக்குப் போய்விட்டது. அறையில் இருந்த மற்ற பெண்களைக் கைதட்டச் சொன்னார். அவர்களில் பாதிப்பேர் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே தட்டினார்கள். மாஸ்டருடைய அட்டையில் ‘அபாரமான முன்னேற்றம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டார். இடது கை மடியில் கிடந்தது. வீட்டில் நாத்தனார் வேன் ஓட்டத்துக்குப் போயிருக்கும் நேரத்தில், மாஸ்டர் சமையலறைச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போட்டு, இடது கையைத் தானே ஏற்றிப் பழகினாள். தோள் வரைக்கும் வந்தது. அதற்கே அழுகை வந்தது.

நாத்தனார் பிடித்த பிடியில் ஒரு நாள் மூன்றாவது மாடிக்குப் போனார்கள். பாதுகாப்புப் பிரிவின் அலுவலர் இரண்டு பேரையும் உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“கை முக்கியம்தான்மா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ஒவ்வொருத்தர் கையையும் பாத்துப் பாத்து பட்டை கட்ட ஆரம்பிச்சோம்னா, அப்புறம் அது திட்டமே இல்ல, வைத்தியம் ஆயிடும். இந்தப் பிரிவுல நாங்க வைத்தியம் பாக்குறதில்ல.”

“அப்ப என்னதான் பாக்குறீங்க?” என்றாள் நாத்தனார்.

“பாதுகாப்பு.”

“இவங்க கைக்குப் பாதுகாப்பு வேணும்னுதானே கேக்குறோம்.”

“வலது கை பாதுகாப்பா இருக்கா இல்லையா?” என்று அவர் மாஸ்டரைக் கேட்டார். மாஸ்டர் இருக்கிறது என்று தலையாட்டினாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. “பாத்தீங்களா” என்றார் அலுவலர் திருப்தியோடு. “திட்டம் வேலை செய்யுது.”

ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு வழி சொன்னார். பட்டை இடமாற்றக் கோரிக்கை என்று ஒரு படிவம். அதோடு ஆபரேஷன் இடது பக்கம்தான் நடந்தது என்பதற்கு சர்ஜனின் கடிதம். இரண்டையும் கொடுத்தால் குழு முடிவு செய்யும். சர்ஜன் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். செவ்வாய்க்கிழமை கடிதம் வாங்கினார்கள். ‘இடது’ என்ற சொல்லைச் சர்ஜன் பெரிதாக எழுதி அடிக்கோடிட்டிருந்தார். குழு ஒரு மாதம் கழித்துக் கூடியது. பட்டை நனைந்தால் சாயம் போகிறது, சிவப்பை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக்கலாமா என்பது முதல் விஷயம். மாஸ்டருடைய கை பதினோராவது விஷயம். ஏழாவது விஷயத்தில் டீ வந்துவிட்டது. மீதி அடுத்த கூட்டத்துக்குப் போனது.

இதற்கு நடுவில் மருந்து ஏற்றும் நாள் வந்தது. அந்த அறைக்குள் கூட வந்தவர்களுக்கு அனுமதி இல்லை. நாத்தனார் வாசலிலேயே நிறுத்தப்பட்டாள். மாஸ்டர் தனியாகப் போய்ச் சாய்வு நாற்காலியில் படுத்தாள். புது நர்ஸ், சின்னப் பெண். பட்டையைப் பார்த்து நாற்காலியின் இடது பக்கம் வந்து நின்றாள்.

“இந்தக் கை வேண்டாம்மா” என்றாள் மாஸ்டர். “கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா. சர்ஜன் சொல்லியிருக்காரு. வேணும்னா யாரையாவது கேட்டுட்டு வா.”

நர்ஸ் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். பட்டையில் என்ன இருக்கிறதோ அதன்படி என்றார்களாம்.

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். எழுந்து வெளியே வந்திருக்கலாம். வாசலில் நிற்கும் நாத்தனாருக்குக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்திருந்தால்கூடப் போதும். ஆனால் உயிரை யார் கையில் கொடுத்திருக்கிறோமோ அவர்களிடம் எப்படிக் குரலை உயர்த்துவது? இருபத்தாறு வருஷமாக, அளவு தப்பாகக் கொடுத்துவிட்டுச் சட்டை பிடிக்கவில்லை என்று கத்துகிற ஆட்களிடம்கூட அவள், “சரி பண்ணிக் குடுத்துடறேங்க” என்றே சொல்லிப் பழகியவள். அந்த மரியாதையோடே இடது கையை நீட்டினாள். நரம்பு கிடைக்கவில்லை. மூன்று இடத்தில் குத்தினார்கள்.

இரண்டாம் நாள் புறங்கை சிவந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். பிறகு வீக்கம் விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் ஏறியது. மாத்திரைகளில் காய்ச்சல் இறங்கியது, சிவப்பும் மங்கியது. வீக்கம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை சர்ஜன் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, புறங்கையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

“யாரு இந்தக் கையில குத்துனது?”

“எல்லாரும்தான் சார்.”

“இறுக்கமான உறை போடலாம். நீவி விடலாம். கொஞ்சம் குறையும்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “பழையபடி ஆகும்னு நான் சொல்ல மாட்டேன்மா.”

“உங்க ஆஸ்பத்திரிதானே சார் இது. அந்தப் பட்டைய நீங்க மாத்தச் சொல்ல முடியாதா?” என்றாள் நாத்தனார்.

“நான் உடம்பைத்தான் பாக்கலாம். பட்டை வேற பிரிவு” என்றார் சர்ஜன். அவர் காதுமடல் சிவந்திருந்ததை நாத்தனார் பிற்பாடு சொன்னாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் பழைய புடவை ஒன்றைத் தரையில் விரித்து, கத்தரியை எடுத்தாள். கட்டைவிரல் கத்தரியின் வளையத்துக்குள் போகவில்லை. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாள். போகவில்லை. மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, நோய் என்று தெரிந்த அன்றுகூட அழாத அழுகையை அழுதாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

திட்டத்துக்கு ஒரு வயது நிறைந்தது. ஆஸ்பத்திரி அரங்கில் விழா வைத்தார்கள். அலுவலர் தானே போன் செய்து மாஸ்டரை அழைத்தார். அவளுடைய கோரிக்கையைக் குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டுவிட்டதாம். திட்டத்தின் வரலாற்றிலேயே முதல் இடமாற்றமாம். இயக்குநர் தம் கையாலேயே மேடையில் இடது கைக்குப் பட்டை கட்டுவாராம். அதோடு உடற்பயிற்சியில் அபாரமான முன்னேற்றத்துக்கு ஒரு கேடயமும் உண்டு.

“போக வேண்டாம் அண்ணி” என்றாள் நாத்தனார்.

“போகலைன்னா அடுத்த தேதி குடுப்பாங்களோ மாட்டாங்களோ” என்று மாஸ்டர் கிளம்பினாள். ரவிக்கையின் இடது கை ஏறவில்லை. நாத்தனார் தையலைப் பிரித்துவிட்டாள்.

இயக்குநர் நன்றாகப் பேசினார். “இந்த ஒரு வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் பட்டை கட்டியிருக்கிறோம். பட்டை கட்டிய கைகளில் ஊசியால் வந்த வீக்கம் ஒன்றுகூட இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்.” கைதட்டல். “முப்பத்தெட்டுப் பேருக்கு வீக்கம் வந்திருக்கிறது, நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த முப்பத்தெட்டும் பட்டை கட்டாத கைகளில் வந்தவை. பட்டையின் அவசியத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?” மறுபடியும் கைதட்டல். முன்வரிசையில் இருந்த அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டர் மேடை ஏறினாள். இயக்குநர் பட்டையை எடுத்து அவளுடைய இடது மணிக்கட்டைச் சுற்றினார். இரண்டு முனையும் சேரவில்லை. இழுத்துப் பார்த்தார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இயக்குநர் மைக்கை மூடிக்கொண்டு அலுவலரைப் பார்த்தார்.

“ஏன்யா சின்னதா இருக்கு?”

“பட்டை சரியான அளவுதான் சார். ஒரே அளவுதான் அடிக்கிறோம். கைதான்…” என்று அலுவலர் இழுத்தார்.

“ரெண்டு அங்குலம் குறையுதுங்க” என்றாள் மாஸ்டர். துணியைப் பார்த்துச் சொல்கிற அதே தணிந்த குரலில் சொன்னாள். “நான் படிவம் குடுத்த அன்னைக்குக் கட்டியிருந்தீங்கன்னா கச்சிதமா இருந்திருக்கும்.”

புகைப்படக்காரர் காத்துக்கொண்டிருந்தார். ஒரு கணம்தான். இயக்குநர் சிரித்த முகம் மாறாமல் அவளுடைய வலது கையைப் பிடித்தார். அங்கே ஏற்கெனவே இருந்த பட்டைக்குப் பக்கத்தில் புதுப் பட்டையையும் கட்டி, அந்தக் கையை உயர்த்திப் பிடித்தார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. இனிமேல் சுற்றறிக்கையில் இந்தப் படம்தான் வரும் என்று அலுவலர் அறிவித்தார்.

கேடயத்தை நாத்தனார் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் அரங்கை விட்டு வெளியே வந்து, மருந்து ஏற்றும் அறை இருக்கும் நடைவழியாக நடந்தார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. இடது பக்கம் கட்டு. வலது கையில் சிவப்புப் பட்டை. கூட வந்தவர் யாரையும் காணோம்.

மாஸ்டர் அவளுக்கு முன்னால் நின்றாள்.

“உனக்கு எந்தப் பக்கம்மா ஆபரேஷன்?”

“இடது பக்கம்க்கா.”

“உள்ள போனதும் அந்தக் கைய நீட்டச் சொல்லுவாங்க.”

“சொல்லிப் பாக்குறேன்க்கா. நேத்தே சொன்னேன். யாரும் காதுல வாங்கிக்கல.”

“சொல்லாத” என்றாள் மாஸ்டர். புடவைத் தலைப்பை விலக்கித் தன் இடது கையை அவளுக்கு முன்னால் நீட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். “நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். மரியாதையா, பதமா, எத்தனை தடவை சொன்னேன் தெரியுமா? அதான் நான் பண்ண தப்பு. நீ சொல்லாத. கத்து. உன்னைக் கெட்டவன்னு சொல்லட்டும், பைத்தியம்னு சொல்லட்டும். கத்து.”

அந்தப் பெண்ணின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

“வாங்க அண்ணி, பஸ் போயிடும்” என்றாள் நாத்தனார்.

மாஸ்டர் நகரவில்லை. உள்ளே நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. நர்ஸின் குரல் கேட்டது. பிறகு அந்தப் பெண் ஏதோ மெதுவாகச் சொன்னாள். நர்ஸ் பதில் சொன்னாள். மறுபடியும் அந்தப் பெண்ணின் குரல், இந்த முறை சற்று நடுங்கிக்கொண்டு. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

“இந்தக் கை இல்ல!”

நடைவழியில் போனவர்கள் நின்று திரும்பினார்கள். நாத்தனாரின் கையிலிருந்த கேடயம் நழுவிக் கீழே விழுந்தது. மாஸ்டருக்குக் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கத் தோன்றவில்லை. அவள் மூடிய கதவைப் பார்த்து, “இன்னும் சத்தமா” என்றாள்.